95 நிமிடங்களில் மூன்று போர்க்கப்பல்கள்... மண்ணெண்ணெயில் ஓடிய யு-9 நீர்மூழ்கி செய்தது என்ன?

1914 செப்டம்பர் 22. சென்னையின் வரலாற்றைப் படித்தவர்களுக்கு இந்தத் தேதி ஞாபகம் இருக்கும். அன்றிரவு ஜெர்மனியின் எம்டன் கப்பல் மெட்ராஸ் கரையை நெருங்கி வந்து, துறைமுகத்தை ஒட்டியிருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் மீது குண்டு வீசியது. தொட்டிகள் பற்றி எரிய, ஊரே மிரண்டு போனது. ‘அவன் சரியான எம்டன்’ என்று நாம் இன்றும் சொல்வது அந்த மிரட்சியின் மிச்சம்தான்.

அதே நாள் காலையில், பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி வட கடலில், இன்னொரு ஜெர்மன் கலம் ஒரு வேலை பார்த்திருந்தது. அதைப் பற்றி நம் ஊரில் அவ்வளவாகப் பேச்சு இல்லை. ஆனால் பிரிட்டன் கடற்படைக்கு அன்றைக்கு விழுந்த பெரிய அடி அதுதான். அந்தக் கலத்துக்குப் பெயர்கூட கிடையாது, வெறும் எண்தான்: யு-9.

முதல் உலகப் போரில் ஜெர்மனியின் வீரப் பதக்கமான இரும்புச் சிலுவை, மனிதர்களைத் தாண்டி கப்பலுக்கே வழங்கப்பட்டது இரண்டே இரண்டு முறை. ஒன்று எம்டனுக்கு. இன்னொன்று இந்த யு-9 நீர்மூழ்கிக்கு.

புகை விட்டு ஓடிய ரகசியக் கப்பல்

நீர்மூழ்கி என்றதும் மாதக்கணக்கில் கடலுக்கடியிலேயே கிடக்கும் இன்றைய அணுசக்தி நீர்மூழ்கிகளை நினைத்துக்கொள்ள வேண்டாம். யு-9 அந்த ரகமே இல்லை. பெரும்பாலும் தண்ணீருக்கு மேலேயே ஓடி, தேவைப்படும்போது மட்டும் மூழ்கத் தெரிந்த படகு என்று சொன்னால் சரியாக இருக்கும்.

இன்று போலந்தில் கதான்ஸ்க் என்று அழைக்கப்படும் நகரம் அப்போது ஜெர்மனியின் தான்சிக். அங்கிருந்த அரசுக் கப்பல் கட்டும் தளத்தில் உருவாகி, 1910-ல் கடற்படையில் சேர்ந்தது யு-9. நீளம் சுமார் 57 மீட்டர். நம்மூர் ரயில் பெட்டிகள் இரண்டரையைச் சேர்த்து வைத்த அளவு. அதற்குள் இன்ஜின், பேட்டரி, டார்பிடோக்கள், கூடவே 29 பேர்.

பெரிய தலைவலி இன்ஜின்தான். டீசல் இன்ஜின் வைத்த நீர்மூழ்கிகள் ஜெர்மனிக்கு யு-19 வரிசையில்தான் வந்தன. அதற்கு முந்தைய யு-9 ஓடியது மண்ணெண்ணெயில்! இந்த இன்ஜின்கள் வெள்ளைப் புகையைக் கக்கும், ராத்திரியில் தீப்பொறியும் பறக்கும். புகையை வெளியேற்ற மேல்தளத்தில் ஒரு குழாயை நிறுத்த வேண்டும். மூழ்குவதற்கு முன் அதைக் கழற்றிப் படுக்கவைக்க வேண்டும். ஒளிந்திருந்து தாக்குவதையே தொழிலாகக் கொண்ட ஒரு கப்பல், ‘நான் இங்கேதான் இருக்கேன்’ என்று தூரத்திலிருந்தே புகை காட்டிக்கொண்டு போனால் எப்படி?

மூழ்கிவிட்டால் பேட்டரிதான் கதி. வேகமாகப் போனால் சீக்கிரம் தீர்ந்துவிடும். மெதுவாக, அதாவது மணிக்கு சுமார் 9 கி.மீ. வேகத்தில் போனால் ஏறத்தாழ 150 கி.மீ. தாங்கும். உள்ளே வாழ்க்கை அதைவிடக் கஷ்டம். எஃகுச் சுவரில் வியர்க்கும் நீர், தூங்குகிறவர்கள் முகத்தில் சொட்டுச் சொட்டாக விழும். இரண்டாம் நிலை அதிகாரியாக இருந்த யோஹன்னஸ் ஸ்பீஸுக்குக் கிடைத்த படுக்கையில் ஒருக்களித்துத்தான் படுக்க முடியும்.

போர் தொடங்கிய முதல் வாரத்தில், பிரிட்டன் போர்க்கப்பல்களைத் தேடி ஜெர்மனி 10 நீர்மூழ்கிகளை அனுப்பியது. யு-9 இன்ஜின் கோளாறால் பாதியிலேயே திரும்பி வந்துவிட்டது. போனவற்றில் இரண்டு திரும்பவே இல்லை. அவற்றில் ஒன்றான யு-15-ஐ பிரிட்டனின் பர்மிங்ஹாம் என்ற க்ரூஸர் கப்பல் மோதியே மூழ்கடித்தது. ஆக, நீர்மூழ்கிகளின் முதல் ரிப்போர்ட் கார்டு படுமோசம்.

ஆனால் யு-9 குழுவிடம் ஒரு வித்தை இருந்தது. போர் வெடிப்பதற்கு இரண்டு வாரங்களுக்கு முன், அதாவது 1914 ஜூலை 16 அன்று, தண்ணீருக்கு அடியில் இருந்தபடியே காலியான குழாய்களில் மறுபடி டார்பிடோவை ஏற்றிக் காட்டியிருந்தார்கள். அதுவரை யாரும் செய்யாத காரியம். இந்தத் தகவலைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

‘தூண்டில் இரை’ என்று கூப்பிட்டார்கள்

சரி, எதிர்ப்பக்கம் யார்? அபூகிர், ஹோக், கிரெஸ்ஸி. மூன்றும் தலா 12,000 டன் எடையுள்ள பிரிட்டிஷ் க்ரூஸர்கள். பார்க்க பிரம்மாண்டம். ஆனால் வயதாகிவிட்டது, வேகமும் போய்விட்டது. உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலோர் ஓய்வுபெற்று வீட்டுக்குப் போய், போருக்காகத் திரும்ப அழைக்கப்பட்ட நடுத்தர வயது ஆட்கள். அவர்களோடு டார்ட்மத் கடற்படைக் கல்லூரியிலிருந்து நேராகக் கொண்டுவரப்பட்ட 15 வயதுப் பையன்களும் இருந்தார்கள்.

இந்தக் கப்பல்களை நெதர்லாந்து கரைக்கு அருகே ரோந்து சுற்ற விட்டிருந்தார்கள். அது ஆபத்து என்று கடற்படைக்குள்ளேயே எல்லோருக்கும் தெரியும். அவர்களே இந்த அணிக்கு வைத்த பட்டப்பெயர் ‘உயிருள்ள தூண்டில் இரை’. அப்போது கடற்படை அமைச்சராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சில், இந்தக் கப்பல்கள் அங்கே இருக்கக்கூடாது என்று செப்டம்பர் 18-ம் தேதி குறிப்பே எழுதினார். கோப்பு நகர்ந்தது, கப்பல்கள் நகரவில்லை. புதிய கப்பல்கள் வரும்வரை இவையே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

அடுத்தடுத்து நடந்தவை எல்லாமே சறுக்கல்கள். அணியின் தளபதி, நிலக்கரி நிரப்புவதற்காகத் தன் கப்பலோடு துறைமுகம் போய்விட்டார். கடல் கொந்தளித்ததால், பாதுகாப்புக்கு வரவேண்டிய சிறிய நாசகாரிக் கப்பல்களும் கரைக்குத் திரும்பிவிட்டன. பொறுப்பு அபூகிர் கேப்டன் ஜான் டிரம்மண்ட் தலையில் விழுந்தது. புயல் அடிக்கும்போது நீர்மூழ்கி எங்கே வரப்போகிறது என்ற நினைப்பில், மூன்று கப்பல்களும் மணிக்கு சுமார் 18 கி.மீ. வேகத்தில், வளையாமல் நெளியாமல் நேர்கோட்டில் போய்க்கொண்டிருந்தன. 22-ம் தேதி விடியும்போது புயல் ஓய்ந்திருந்தது.

காலை 6.20

யு-9-க்கும் அந்த ராத்திரி நல்ல ராத்திரி இல்லை. திசைகாட்டி மக்கர் செய்ததில் வழி தவறி, நெதர்லாந்து கரைப் பக்கம் ஒதுங்கியிருந்தது. புயலுக்குப் பயந்து இரவு முழுக்கத் தண்ணீருக்குள் கிடந்துவிட்டு, விடிந்ததும் பேட்டரி சார்ஜ் ஏற்ற மேலே வந்தபோதுதான் தூரத்தில் கொடிமரங்கள் தெரிந்தன. கேப்டன் ஓட்டோ வெட்டிகனுக்கு அப்போது வயது 32. திருமணமாகி சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. உடனே மூழ்கச் சொல்லி உத்தரவு போட்டார்.

500 மீட்டர் தூரத்திலிருந்து முதல் டார்பிடோ பாய்ந்தது. நடுவில் வந்த அபூகிரின் வயிற்றில் இடி. கப்பல் சாய ஆரம்பித்தது.

இங்கேதான் கதை திரும்புகிறது. கடலில் மிதக்கும் கண்ணிவெடியில் மோதிவிட்டோம் என்று டிரம்மண்ட் நினைத்தார். அதனால் மற்ற இரண்டு கப்பல்களையும் ‘பக்கத்தில் வாருங்கள்’ என்று கூப்பிட்டார். அவர் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். கப்பல் மூழ்குகிறது, தண்ணீரில் நூற்றுக்கணக்கான ஆட்கள், உதவிக்கு இரண்டு கப்பல்கள் கண்ணெதிரே நிற்கின்றன. பல நூறு வருடங்களாகக் கடலில் எழுதப்படாத சட்டம் அது.

ஹோக் கப்பலின் கேப்டன் வில்மட் நிக்கல்சன் மட்டும் இது நீர்மூழ்கியின் வேலை என்று புரிந்துகொண்டார். ‘பெரிஸ்கோப் தெரிகிறதா பாருங்கள்’ என்று கிரெஸ்ஸிக்குத் தகவலும் அனுப்பினார். அது புரிந்த பிறகும் அவர் விலகிப் போகவில்லை! நேராக அபூகிரை நெருங்கி, படகுகளை இறக்கினார். மேசை, கட்டை, எது மிதக்குமோ அதையெல்லாம் தண்ணீரில் தூக்கிப் போட்டார்கள் அவருடைய ஆட்கள்.

அதே நேரம், தண்ணீருக்குள் யு-9 சும்மா இருக்கவில்லை. ஜூலையில் பழகிய அந்த வித்தை இப்போது கைகொடுத்தது. மூழ்கிய நிலையிலேயே காலிக் குழாயில் அடுத்த டார்பிடோவை ஏற்றினார்கள். எடை முன்னும் பின்னும் மாறும்போது கப்பல் நிலைகுலையாமல் இருக்க, கையில் வேலையில்லாத ஆட்களை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடவிட்டார்கள். மனிதர்களையே எடைக்கல்லாகப் பயன்படுத்தியது அந்தக் காலத் தொழில்நுட்பம்.

6.55 வாக்கில் ஹோக் மீது இரண்டு டார்பிடோக்கள். தூரம் 300 மீட்டர்தான். இரண்டும் கிளம்பியதில் முன்பக்கம் எடை குறைந்து, யு-9-ன் மூக்கு சட்டென்று தண்ணீருக்கு மேலே வந்துவிட்டது. ஹோக் பீரங்கிகள் சுட்டன, படவில்லை. பத்து நிமிடங்களில் ஹோக் கவிழ்ந்தது.

மீதி இருந்தது கிரெஸ்ஸி. இப்போது யாருக்கும் சந்தேகம் இல்லை, அடியில் நீர்மூழ்கி இருக்கிறது. கிரெஸ்ஸி ஒருமுறை அதை மோதி அழிக்கவும் பார்த்தது. முடியவில்லை. அத்தோடு கிளம்பிப் போயிருக்கலாம். ஆனால் கேப்டன் ராபர்ட் ஜான்சன் கப்பலைத் திருப்பி, மறுபடி தண்ணீரில் தத்தளித்தவர்களைத் தூக்க வந்துவிட்டார்.

யு-9-ல் பேட்டரி கிட்டத்தட்டத் தீர்ந்திருந்தது. இருந்தும் வெட்டிகன் போகவில்லை. 7.20-க்குப் பின்பக்கக் குழாய்களிலிருந்து இரண்டு டார்பிடோக்கள். ஒன்று பட்டது, ஒன்று தவறியது. பிறகு கப்பலைத் திருப்பி, கையிருப்பில் இருந்த கடைசி டார்பிடோவையும் விட்டார். 7.55-க்கு கிரெஸ்ஸியும் போனது. கேப்டன் ஜான்சன் அதோடு இறந்தார்.

ஆறு டார்பிடோக்கள், 95 நிமிடங்கள். மூன்று கப்பல்களிலும் சேர்த்து இறந்தவர்கள் 1,459 பேர். பிழைத்தவர்கள் 837 பேர்.

மூன்று முறை மூழ்கிய 15 வயதுப் பையன்

அந்த 837 பேரில் ஒருவன் கிட் என்று செல்லமாக அழைக்கப்பட்ட வென்மன் வைக்கம்-மஸ்கிரேவ். அபூகிரில் இருந்த 15 வயதுப் பயிற்சி அதிகாரி. கப்பல் கவிழ்ந்ததும் குதித்து, அது இழுக்கும் சுழலில் சிக்காமல் நீந்தி, ஹோக்கை எட்டினான். ஏறப்போகும் நேரத்தில் ஹோக்கைத் தாக்கியது டார்பிடோ. அங்கிருந்து கிரெஸ்ஸிக்கு நீந்தினான். அதில் ஏற்றினார்கள், கிரெஸ்ஸியும் அடிவாங்கியது. கடைசியில் ஒரு மரக்கட்டையைப் பிடித்தபடி மயங்கிக் கிடந்தவனை, நெதர்லாந்துக்காரர்கள் மீட்டார்கள். சினிமாவில் இப்படி ஒரு சீன் வைத்தால் ‘லாஜிக் இல்லை’ என்று மீம் போட்டுவிடுவோம்.

மீட்புக்கு முதலில் வந்தவை போர்க்கப்பல்களும் அல்ல. ஃப்ளோரா, டைட்டன் என்ற இரண்டு நெதர்லாந்துக் கப்பல்களும், பிரிட்டனின் கோரியாண்டர் என்ற மீன்பிடிக் கப்பலும்தான் முதலில் வந்தன. மூன்று பெரிய கப்பல்கள் அடுத்தடுத்து மூழ்குவதைப் பார்த்த பிறகும் அந்த இடத்துக்கு வந்தவர்கள் இவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ஃப்ளோரா மட்டும் 286 பேரை ஐமுய்டன் துறைமுகத்தில் இறக்கியது. நெதர்லாந்து நடுநிலை நாடு என்பதால், விதிப்படி இந்த வீரர்களைப் போர் முடியும்வரை அங்கேயே தடுத்து வைத்திருக்கலாம். ஆனால் சில நாட்களிலேயே இங்கிலாந்துக்கு அனுப்பிவைத்துவிட்டார்கள். பிரிட்டிஷ் நாசகாரிக் கப்பல்கள் வந்து சேர்ந்தபோது மணி 10.45.

‘நிற்காதே’ என்ற உத்தரவு

ஒரே ஒரு பழைய நீர்மூழ்கி இதைச் செய்திருக்கும் என்று பிரிட்டனில் பலராலும் நம்ப முடியவில்லை. நிறைய நீர்மூழ்கிகள் சேர்ந்து வந்திருக்க வேண்டும் என்றே பேசிக்கொண்டார்கள். விசாரணை நடந்தது. வளைந்து நெளிந்து போகாததற்கும், புயல் ஓய்ந்ததும் நாசகாரிகளைக் கூப்பிடாததற்கும் டிரம்மண்ட் மீது குற்றம் சொன்னார்கள். ஆனால் அந்த இடத்தில் அந்தக் கப்பல்களை நிறுத்தியதற்கான பெரிய பழி, கடற்படைத் தலைமையகத்தின் மீதே விழுந்தது. நியாயம்தான். ஆபத்து என்று எழுதிய குறிப்பு நான்கு நாட்களாக அவர்கள் மேசையிலேயே இருந்ததே!

அதன்பிறகு வந்த உத்தரவுதான் முக்கியமானது. நீர்மூழ்கி ஆபத்து உள்ள இடத்தில் ஒரு கப்பல் அடிபட்டால், மற்ற பெரிய கப்பல்கள் உதவிக்காக நிற்கக் கூடாது. மூழ்குகிறவர்களை விட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். ராணுவக் கணக்கில் இதில் தப்பே சொல்ல முடியாது. ஹோக்கும் கிரெஸ்ஸியும் நிற்காமல் போயிருந்தால் அவற்றில் இருந்த பலரும் உயிரோடு வீடு போயிருப்பார்கள். ஆனால் தண்ணீரில் கிடந்தபடி, தன் நாட்டுக் கொடி பறக்கும் கப்பல் தன்னைத் தாண்டிப் போவதைப் பார்க்கிறவனுக்கு அந்தக் கணக்கை எப்படிப் புரியவைப்பது?

ஜெர்மனியில் வேறு காட்சி. வெட்டிகன் ஒரே நாளில் தேசிய ஹீரோ. யு-9-ல் இருந்த ஒவ்வொருவருக்கும் இரும்புச் சிலுவை, கப்பலுக்கும் ஒன்று. இந்த வெற்றி கொடுத்த தெம்பும் சேர்ந்து, 1915 பிப்ரவரியில் பிரிட்டனைச் சுற்றியுள்ள கடல் முழுவதையும் போர்ப் பகுதியாக அறிவித்தது ஜெர்மனி. வணிகக் கப்பல்களும் இலக்காகின. அதே ஆண்டு மே மாதம் லூசிடானியா பயணிகள் கப்பலை யு-20 மூழ்கடித்தது அந்தப் பாதையில்தான்.

டைட்டானிக் தங்கையோடு மோதிய கப்பல்

யு-9 இன்னொரு முறையும் பெரிய அடி கொடுத்தது. 1914 அக்டோபர் 15, ஸ்காட்லாந்துக்குக் கிழக்கே. இந்த முறை இரை எச்எம்எஸ் ஹாக் என்ற பழைய க்ரூஸர். 1911-ல் டைட்டானிக்கின் ஜோடிக் கப்பலான ஒலிம்பிக்கோடு மோதியதே, அதே ஹாக்தான்.

அன்று காலை அது நடுக்கடலில் நின்றது, இன்னொரு கப்பலிடமிருந்து தபால் வாங்க! வாங்கிவிட்டு, அணியில் தன் இடத்தைப் பிடிக்க நேர்கோட்டில் விரைந்துகொண்டிருந்தபோது யு-9-ன் டார்பிடோ தாக்கியது. சில நிமிடங்களில் கதை முடிந்தது. 524 பேர் இறந்தார்கள். சுமார் 70 பேர் மட்டுமே பிழைத்தார்கள். நேர்கோட்டில் போகாதே என்ற பாடத்தைப் படித்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது.

வெட்டிகனுக்கு ஜெர்மனியின் மிக உயரிய விருது கிடைத்தது. 1915 தொடக்கத்தில் அவரை யு-29 என்ற புதிய டீசல் நீர்மூழ்கிக்கு மாற்றினார்கள். மார்ச் 18 அன்று ஸ்காட்லாந்தின் வடமுனையை ஒட்டிய கடலில் பிரிட்டனின் பெரும் கப்பல் அணி மீது அவர் தாக்குதல் நடத்தினார். டார்பிடோவை விட்டதும், முன்பு யு-9-க்கு நடந்ததுபோலவே கப்பல் மேலே எழும்பித் தலை காட்டிவிட்டது. இந்த முறை எதிரே இருந்தது டிரெட்நாட். உலகப் புகழ்பெற்ற அந்தப் போர்க்கப்பல் நேராக வந்து மோதியது. யு-29-ன் முனை ஒரு கணம் செங்குத்தாக மேலே எழும்பியபோது அதன் எண் தெரிந்ததாம். ஒருவரும் பிழைக்கவில்லை. கடற்படைப் போரின் போக்கையே மாற்றியதாகச் சொல்லப்படும் டிரெட்நாட், அந்தப் போர் முழுவதிலும் மூழ்கடித்த எதிரிக் கப்பல் இது ஒன்றுதான்.

யு-9 என்ன ஆனது?

வெட்டிகனுக்குப் பிறகு கேப்டன் ஆனவர், ஒருக்களித்துப் படுத்த அதே ஸ்பீஸ். ஆனால் பெரிய கப்பல்கள் இனி யு-9-ன் வலையில் விழவில்லை. 1915 மே மாதம் வட கடலில் அது மூழ்கடித்தவை பெரும்பாலும் மீன்பிடிக் கப்பல்கள்தான். க்ரூஸர் வேட்டையாடிய கப்பலுக்கு இது பெருமைக்குரிய வேலை என்று சொல்ல முடியாது. பிறகு ரஷ்யாவுக்கு எதிராக பால்டிக் கடலுக்குப் போனது. 1916 ஏப்ரலோடு போர்முனையிலிருந்து விலக்கி, புதியவர்களுக்குப் பயிற்சி கொடுக்க வைத்துக்கொண்டார்கள்.

முதல் சில மாதங்களிலேயே பழசாகிப்போன அந்த மண்ணெண்ணெய்க் கப்பல், போர் முடியும்வரை மூழ்காமல் தப்பியதுதான் ஆச்சரியம். 1918 நவம்பர் 26 அன்று பிரிட்டனிடம் சரணடைந்தது. அடுத்த ஆண்டு இங்கிலாந்தின் மோர்கம் துறையில் உடைத்து, பழைய இரும்பாக்கிவிட்டார்கள்.

அது மூழ்கடித்த கப்பல்கள் இன்னும் கடலடியில் இருக்கின்றன. அபூகிர், ஹோக், கிரெஸ்ஸி மூன்றின் உலோகத்தை எடுக்கும் உரிமையை 1954-ல் பிரிட்டன் அரசு விற்றது. வாங்கியது ஒரு ஜெர்மன் நிறுவனம். நூற்றுக்கணக்கானோரின் கல்லறையை இரும்பு விலைக்கு விற்றது ஏன் என்ற கேள்வி, இறந்தவர்களின் குடும்பங்களிடம் இன்றும் இருக்கிறது. மூன்று கப்பல்களிலும் மூழ்கிப் பிழைத்த கிட், இரண்டாம் உலகப் போரில் மறுபடி கடற்படைக்குத் திரும்பினார். 1989-ல்தான் காலமானார்.

ஹாக் எங்கே கிடக்கிறது என்பது மட்டும் நூறு ஆண்டுகளுக்கு மேல் தெரியாமலே இருந்தது. 2024 ஆகஸ்டில் ஸ்காட்லாந்துக் கரையிலிருந்து சுமார் 110 கி.மீ. தொலைவில், 110 மீட்டர் ஆழத்தில் முக்குளிப்பவர்கள் குழு அதைக் கண்டுபிடித்தது.